எலும்பின் வைப்புநிதி

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல் நலமாக இருந்தால்தான் கல்வியும் தொழிலும் புகழும் கைகூடும் என்பது அதன் கருத்து. சுவருக்கு உரம் தருவது எது? சுண்ணாம்பு அன்றோ? திண்டுக்கல் மலைக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். சிமெண்டு அறியாத அந்நாளில் கொத்தர்கள் கல்லையும் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்து கொண்டே இணைத்தார்கள். இம்மாவட்டத்தின் வடபகுதியில் கரிக்காலிப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்து, இன்று சிமெண்டு செய்கிறார்கள். அந்தக் கல்லில் அடங்கியுள்ள கால்சியம் என்னும் தனிமமே நம் எலும்பிலும் பல்லிலும் அமைந்து அவற்றுக்கு உறுதி தருகிறது. அதனைச் சுண்ணாம்புச் சத்து என்கிறோம்.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. நூற்றில் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்குகிறது. எஞ்சிய ஒரு பங்கு குருதியிலும் தசையிலும் பரவியுள்ளது. அது சிறிதே ஆயினும் அதன் பணி பெரிது. காயம் பட்டால் குருதி உறைவதும், தசைகள் சுருங்கி விரிவதும், இதயம் ஓயாது துடிப்பதும் அதன் துணையால் நிகழ்கின்றன. ஆகவே, குருதியில் இச்சத்துக் குறைய உடல் ஒருபோதும் இடம் தருவதில்லை. உணவில் போதிய அளவு கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக் குருதிக்குக் கொடுத்துவிடுகிறது. எலும்பு வெறும் தூண் அன்று. அஃது ஒரு வைப்புநிதியும் ஆகும்.

போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த நிதிதான் நிலைக்கும்? எலும்பின் திண்மையில் பெரும்பகுதி ஏறக்குறைய இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. முதுமையில் அது மெல்ல மெல்லக் குறைகிறது. பெண்களுக்கு நடுவயதைக் கடந்த பின் விரைந்து குறைகிறது. கால் இடறி விழுந்த பாட்டியின் இடுப்பெலும்பு முறிந்தது என்று கேள்விப்படுகிறோம். அம்முறிவுக்கு வித்து அவர் பள்ளிப் பருவத்தில் உண்ட உணவிலேயே ஊன்றப்பட்டிருக்கலாம். சேர்க்கும் காலம் நும்முடைய காலம், மாணவர்களே! இதனை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது அறிவுடைமை ஆகாது.

பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. இவ்வளவுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டா. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைக் காண்போம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் இச்சத்துப் பத்து மில்லிகிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகில் 360-க்கு மேல் இருக்கிறது. பசும்பாலில் ஏறக்குறைய 120; முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். நாளைக்கு நூறு கிராம் கேழ்வரகு, இரண்டு தம்ளர் பால் அல்லது தயிர், இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரை ஆகியவற்றை உண்டால் ஆயிரத்தை நெருங்கிவிடலாம். இவற்றுள் எது கிடைத்தற்கு அரியது?

முருங்கை மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து முருங்கைக்காய் லாரிகளில் ஏறிக் கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் செல்கிறது. காய் விலைபோகிறது, மகிழ்ச்சியே. ஆனால், காயில் உள்ளதைப் போலப் பத்து மடங்கு சுண்ணாம்புச் சத்து இலையில் இருக்கிறது. அந்த இலையையோ நாம் பல வீடுகளில் ஆட்டுக்குப் போட்டுவிடுகிறோம். கேழ்வரகுக் கூழும் களியும் ஏழையின் உணவு என்று எண்ணி ஒதுக்குகிறோம். பளபளக்கும் வெள்ளைச் சோறும், கடையில் வாங்கிய பொட்டலப் பண்டமுமே நாகரிகம் என்று கருதுகிறோம். குறை நம் மண்ணில் இல்லை. நம் மதிப்பீட்டில் இருக்கிறது என்பதே என் கருத்து.

இன்னொன்றும் அறிய வேண்டும். கீரையில் இருக்கும் சத்து முழுவதும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டியை அடுத்து அமைந்துள்ளது காந்திகிராமம். மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் இராமச்சந்திரனாரும் 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையினர் இருபது வகைக் கீரைகளைப் பச்சையாகவும் சமைத்தும் ஆராய்ந்து, தம் முடிவை 2015-இல் வெளியிட்டனர். அவற்றுள் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது அகத்திக்கீரை. ஆனால், சத்தைக் கட்டிப்போடும் ஆக்சாலிக் அமிலம் போன்ற பொருள்களும் அதில் மிகுதி. ஆதலால் உடலில் சேரக்கூடிய பங்கு குறைவு. வல்லாரையில் இச்சத்துக் குறைவே. ஆயினும் சேரக்கூடிய பங்கு பிற கீரைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே கீரையை நம்பியிராமல் பலவற்றையும் மாற்றி மாற்றி உண்பதே நலம் என்பதை இதனால் உணரலாம். கேழ்வரகை முளைகட்டியும், கூழைப் புளிக்க வைத்தும் உண்ட முன்னோர் வழக்கமும் பொருளுடையதே. அவ்வாறு செய்தால், சத்தைத் தடுக்கும் பொருள் குறைகிறது.

இம்மாவட்டத்து மாணவர்கள் இதில் கருத்தூன்ற மற்றொரு காரணமும் உண்டு. இச்சமவெளியின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்ட நீரைச் சிறு வயதிலிருந்தே பருகினால் பற்களில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் பருகினால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளை அத்தீங்கு கடுமையாகத் தாக்குகிறது. தூய குடிநீரே இதற்கு முதல் மருந்து. அதனை ஊர்தோறும் தருவது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது மக்களின் கடமை. சத்துள்ள உணவு அதற்குத் துணை நிற்கும்.

பால் வாங்க வசதியில்லையே என்று சிலர் வருந்தலாம். அவர்களுக்கும் கீரையும் கேழ்வரகும் எள்ளுருண்டையும் கைகொடுக்கும். மாத்திரை விழுங்கினால் போதாதா என்று வேறு சிலர் கேட்கலாம். மருத்துவர் சொன்னால் விழுங்கலாம். தாமே வாங்கி விழுங்குதல் கூடாது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பே போதும் என்பாரும் உளர். அவ்வழக்கத்தோடு வரும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வழிவகுக்கும். அவ்வழி நமக்கு வேண்டா.

உண்டது எலும்பில் சேர வெயிலும் விளையாட்டும் வேண்டும். தோலில் வெயில் பட்டால் உடலில் வைட்டமின் டி உண்டாகிறது. அதுவே சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து குருதிக்குள் ஏற்றுகிறது. ஓடியும் தாண்டியும் ஆடும்போது எலும்பு பாரம் தாங்கிப் பழகி, மேலும் வலிமை பெறுகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் பிறந்துவிட்டு, மாலை முழுவதும் அறைக்குள் கைப்பேசியை நோக்கிக் கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

மாணவர்களே! கோட்டை கட்டியவர்கள் முதலில் நல்ல சாந்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகே மதிலை உயர்த்தினார்கள். நீங்களும் இப்பருவத்திலேயே எலும்பின் நிதியை நிரப்பிக்கொள்ளுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றி, அதன் கீரையைத் தட்டில் மீதம் வைக்காமல் உண்ணுங்கள். சுவர் உறுதியானால், சித்திரம் எழுதக் காலம் நிறைய இருக்கிறது.