மாட்டுக்கு இட்ட மருந்து

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியச் சிற்றூர்களில் மாடு இறந்தால், தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே இட்டுவிடுவர். சிறிது நேரத்தில் வானில் கரும்புள்ளி ஒன்று வட்டமிடும். பிறகு பத்தாகும், நூறாகும். பெரிய சிறகுகளை மடக்கிக்கொண்டு அப்பறவைகள் தரையில் இறங்கும். ஒரு மணி நேரத்திற்குள் எலும்புகள் மட்டுமே எஞ்சும். அங்கு யாரும் குழி தோண்டியதில்லை. அப்பணிக்கு யாரும் கூலி கொடுத்ததும் இல்லை.

அப்பறவையை இந்தியில் 'கித்' என்பர். தமிழில் அதற்குப் 'பாறு', 'எருவை' என்னும் பழம்பெயர்கள் உண்டு. இவை சங்க இலக்கியத்திலேயே காணப்படும் சொற்கள். 'பிணந்தின்னிக் கழுகு' என்பது பின்னர்ப் பரவிய வழக்கு. சீதையைக் காக்கப் போராடி உயிர்விட்ட ஜடாயுவைப் போற்றும் நாட்டில், அதே இனத்துப் பறவையின் பெயரிலேயே அருவருப்பு ஏறிவிட்டது. அந்த அருவருப்புக்கு நாடு கொடுத்த விலை பெரிது.

நோயைத் தடுத்த வயிறு

இறந்த உடலில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நன்மையே செய்கின்றன. உடலைச் சிதைத்து, அதன் சத்துகளை மண்ணுக்குத் திருப்பித் தருபவை அவையே. ஆயினும், நோய் பரப்பும் நுண்ணுயிரிகளும் அங்கு வளர இடமுண்டு. அழுகும் உடல் கிணற்றருகிலோ ஓடையருகிலோ கிடந்தால் நீரும் கெடும். பாறின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகவும் கடுமையானது. பிற விலங்குகளை நோயில் வீழ்த்தும் நுண்ணுயிரிகள் பலவற்றை அது அழித்துவிடும். ஆகவே பாறு உண்ட இடத்தில் அழுகலும் இல்லை. நோய்க்கு இடமும் குறைவு. உயிரியல் பாடநூல் 'தோட்டி உயிரிகள்' என்று ஒரு வரியில் கூறிச் செல்வது இத்தகைய பெரும்பணியைத்தான்.

நோய்க்கிருமி இல்லாத நோய்

1990களில் இப்பறவைகள் கூட்டங்கூட்டமாக மறையத் தொடங்கின. இராசத்தான் மாநிலத்தின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அறிஞர் விபு பிரகாஷ், இவ்வீழ்ச்சியை முதலில் பதிவு செய்தவர்களுள் ஒருவர். பாறுகள் கழுத்துத் தொங்கியபடி கிளைகளில் அமர்ந்திருந்தன. பின்னர் இறந்து விழுந்தன. புதிய வைரசு ஏதேனும் பரவுகிறதோ என்று அறிஞர்கள் ஐயுற்றனர்.

விடையைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கர். கால்நடை நுண்ணுயிரியல் அறிஞரான அவர், பாகிசுத்தானில் இறந்த பாறுகளின் உடல்களை ஆராய்ந்தார். நுண்ணுயிரியைத் தேடிச் சென்றவருக்கு நுண்ணுயிரி எதுவும் அகப்படவில்லை. பறவைகளின் சிறுநீரகம் பழுதுற்று, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்பொடியாகப் படிந்திருந்தது. மாடுகளின் வலியைத் தணிக்க இடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மலிவான மருந்தே அதற்குக் காரணம் என 2004ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்டது. மருந்து இடப்பட்ட மாடு சில நாள்களில் இறந்தால், மருந்தின் எச்சம் அதன் உடலில் தங்கிவிடும். அதை உண்ட பாறு மடியும்.

நூறு மாட்டுடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சிருந்தாலே இத்தனை அழிவும் நேரக்கூடும் என்று அறிஞர்கள் கணக்கிட்டனர். ஓர் உடலைப் பல பாறுகள் ஒன்றுகூடி உண்பதே அதற்குக் காரணம். 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றே எஞ்சியது என்னும் அளவுக்கு வீழ்ச்சி நிகழ்ந்தது.

இழந்தவர் யார்?

'ஒரு பறவை அழிந்தால் மனிதருக்கு என்ன?' என்று சிலர் கேட்கக்கூடும். பாறுகள் மறைந்தபின்னும் மாடுகள் இறந்துகொண்டுதான் இருந்தன. உண்பாரற்றுக் கிடந்த உடல்கள் தெருநாய்களுக்கு இரையாயின; நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி நோய் ஒரு வைரசால் வருவது. மனிதருக்கு அது பெரும்பாலும் நாய்க்கடியாலேயே பரவுகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் முன்பே அவை அரிதாக இருந்த மாவட்டங்களையும் பொருளியல் அறிஞர் இருவர் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 2000 முதல் 2005 வரையிலான காலத்தில், பாறுகளின் மறைவால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் அவர்கள் மதிப்பிட்டனர். வெறிநாய்க்கடியும் மாசுபட்ட நீரும் அதற்கான காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இதில் நாய்களின் குற்றம் எதுவுமில்லை. காலியான இடத்தை வேறோர் உயிர் நிரப்புவது இயற்கையின் இயல்பு. இழப்பு உடலை அப்புறப்படுத்தும் பணியோடும் நின்றுவிடவில்லை. இறந்தோர் உடலைப் பறவைகளுக்கு அளிப்பதைச் சமய மரபாகக் கொண்ட மும்பைப் பார்சிகள், நூற்றாண்டுகளாகப் பேணிய அம்மரபைத் தொடர இயலாமல் இடர்ப்பட்டனர்.

உழவர்மீது பழியா?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. வலியால் துடிக்கும் மாட்டை உழவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. மாட்டுக்கு ஊசி இட்ட கை இரக்கமுள்ள கை. அம்மருந்து பறவைக்கு நஞ்சாகும் என்பதை அந்த உழவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. மேலும், மாட்டின் நலமும் பாறின் நலமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மெலாக்சிகாம் என்னும் வலிநீக்கி பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்பது ஆய்வில் உறுதியாகியுள்ளது.

பழி உழவரைச் சேராது; மருந்தை முதலில் விற்றுவிட்டு விளைவைப் பின்னர்ப் பார்க்கும் முறையையே சேரும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் இடுவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. அதன்பின்னும் மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் பயன்பட்டன. எனவே 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் அக்கட்டுப்பாட்டை நிலைநிறுத்தியது. இதற்கிடையே பாறுகளுக்குத் தீங்கு செய்யும் வேறு மருந்துகள் கடைகளில் விற்கப்பட்டன. அவற்றுள் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை 2023இல்தான் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. முதல் தடைக்கும் அத்தடைக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

வருமுன் காத்தல்

ஒவ்வொரு மருந்தாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகத் தடை செய்வது நெருப்பின் பின்னே குடத்துடன் ஓடுவது போன்றது. கால்நடைக்கான வலிநீக்கி எதுவாயினும், பாறுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பித்த பின்னரே விற்பனைக்கு வர வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு மருந்தை விற்பவருடையதாக இருக்க வேண்டும். சோதனைக்குப் பொருட்செலவு ஆகும் என்பது உண்மைதான். சோதிக்காமையால் நேர்ந்த செலவை வெறிநாய்க்கடிக்கு உயிர் கொடுத்தவர்களின் குடும்பங்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டன.

அழித்தது எளிது; மீட்பது அரிது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்திற்கு ஏற்ற பருவம் அடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். அரியானா மாநிலத்தின் பிஞ்சோரில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறையும் இணைந்து, ஜடாயுவின் பெயர் தாங்கிய இனப்பெருக்க மையத்தில் பாறுகளை வளர்த்து வருகின்றன. தமிழ்நாட்டில் முதுமலைக்கும் சத்தியமங்கலத்திற்கும் இடைப்பட்ட மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அங்கிருக்கும் சிலவும் பிஞ்சோரில் வளர்பவையும் வாழ வேண்டுமானால், அவை இறங்கி உண்ணும் இரையில் நஞ்சு இருத்தல் கூடாது. நஞ்சைத் தடுக்காமல் குஞ்சுகளை மட்டும் வளர்ப்பதில் பயனில்லை.

மாணவரும் இதில் பங்கேற்கலாம். நாய் கடித்தால் காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மாடு வளர்க்கும் உறவினரிடம் அவர்கள் இடும் வலிமருந்தின் பெயரைக் கேட்கலாம். மெலாக்சிகாமைப் பற்றிக் கூறலாம். 'பிணந்தின்னி' என்று முகம் சுளிப்பவரிடம், அப்பறவைக்குப் 'பாறு' என்னும் பழம்பெயர் இருப்பதையும், அது உண்டு முடித்த இடத்தில் நோய் நின்றதையும் சொல்லலாம்.