ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்கிறதா? ஆப்டிகல் கேபிள் எங்கே உதவும், எங்கே கைவிடும்?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் பஸ் சத்தம் ஓயாது. ஆனால், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள உள்தெருக்களில், பௌர்ணமி கிரிவல நாட்களை விட்டுவிட்டால், இரவில் மின்விசிறி சத்தமே பெரிதாகக் கேட்கும். அந்த அமைதியில்தான் ஹோம் தியேட்டரின் ஒரு குறை காதில் விழும்: பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் தொடரும் ‘ம்ம்ம்...’ என்ற இரைச்சல்.

பழி ஸ்பீக்கர் மேல் விழும். ஆனால் பல வீடுகளில் உண்மையான காரணம் எர்த்திங். ஆம்ப்ளிஃபையர் தன் மூன்று பின் பிளக் வழியாக ஒரு எர்த்தைத் தொடுகிறது. டிவியோ மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள் வழியாக இன்னொரு எர்த்தைத் தொடுகிறது. இரண்டையும் செம்புக் கம்பியால் இணைத்ததும் ஒரு வளையம் உருவாகிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் புகுந்து இரைச்சலாக வெளியே வருகிறது. இதற்குச் சிலர் செய்யும் ‘வைத்தியம்’, பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. சத்தம் நிற்கும்தான். ஆனால் உள்ளே மின்கசிவு வந்தால், அந்த இரும்புப் பெட்டியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. இரைச்சலை நிறுத்த இந்த விலை கொடுக்கவே கூடாது.

ஆப்டிகல் கேபிள் கைகொடுப்பது இங்கேதான். 1983-ல் தோஷிபா கொண்டுவந்த ‘டாஸ்லிங்க்’ முறை இது. டிவியில் இருக்கும் சிவப்பு எல்.இ.டி. ஒளியாக மின்னுகிறது, பிளாஸ்டிக் இழை அதை ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகிறது. இடையில் உலோகத் தொடர்பே இல்லாததால் அந்த எர்த் வளையம் அறுந்துபோகிறது. இடி மின்னல் நேரத்தில் டிஷ் கேபிள் வழியே டிவிக்குள் பாயும் மின்னழுத்தமும் இதைத் தாண்டி ஆம்ப்ளிஃபையருக்குப் போகாது. மின் இணைப்பு வழியாக வருவதை மட்டும் இது தடுக்காது. மழைக்காலத்தில் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

அப்படியென்றால் இசையும் மேம்படுமா? அதுதான் இல்லை. எச்.டி.எம்.ஐ.யிலும் இதிலும் போவது அதே டிஜிட்டல் எண்கள்தான். ‘தங்க முலாம் பூசியது’ என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஒளிக்குத் தங்கம் எதற்கு?

குறை எங்கே என்றால், இந்தக் குழாய் சிறியது. ஸ்டீரியோ இசை தாராளமாகப் போகும். பழைய டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். 5.1 ஒலியும் சுருக்கப்பட்ட வடிவில் போகும். ஓ.டி.டி. படங்களின் டால்பி அட்மாஸ் மட்டும் போகாது. டிவி அதைச் சாதாரண 5.1 ஆகவோ ஸ்டீரியோவாகவோ குறைத்துத்தான் அனுப்பும். அட்மாஸ் சவுண்ட்பாருக்குப் பணம் கொட்டிவிட்டு ஆப்டிகலில் இணைப்பது வீண் செலவு. அதற்கு எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வேண்டும், ப்ளூ-ரே தரத்து ஒலிக்கு 2017-ல் வந்த இ.ஏ.ஆர்.சி. வேண்டும். டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் வசதியை ஆப்டிகல் கேபிள் தராது. ரிமோட் தேடும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

மாலையில் பாராயணப் பதிவோ, இளையராஜாவோ கேட்பதுதான் முக்கியம், ஸ்பீக்கரில் இரைச்சலும் இருக்கிறது என்றால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் இரைச்சல் நிற்கவில்லையா? ஆப்டிகலுக்கு மாறுங்கள். 5 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. சுவர் மூலையில் கூர்மையாக மடிக்காதீர்கள், உள்ளே இழை உடைந்துவிடும். மாட்டும் முன் முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிடுங்கள். அதை மறந்துவிட்டு ‘கேபிள் வேலை செய்யல’ன்னு கடைக்குத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.