தம்புசாமிக்குத் திறந்த கதவு

மலாயாவின் பழைய கிளப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு வாதம் உடனே வந்துவிடும். "சிலாங்கூர் கிளப்பில் தொடக்கத்திலிருந்தே இனபேதம் கிடையாது. 1884இல் அதை நிறுவியவர்களில் நம்முடைய தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர்." தமிழர்களே இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து பார்க்கும் எனக்கு இந்த வாதத்தை அப்படியே விட மனமில்லை.

தம்புசாமிப் பிள்ளை அங்கே இருந்தது உண்மை. ஆனால் அவர் யார்? சிங்கப்பூரில் பிறந்து, ஆங்கிலம் கற்று, சிலாங்கூர் அரசுக் கருவூலத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திய செல்வந்தர். பத்துமலை முருகன் கோயிலோடும் விக்டோரியா கல்விக்கூடத்தோடும் பெயர் இணைந்தவர். பணம், பதவி, ஆங்கிலம் மூன்றும் சேர்ந்த ஒருவருக்குக் கதவு திறந்தது. இந்த மூன்றும் எத்தனை தமிழருக்கு வாய்த்தன? அதே ஆண்டுகளில் காப்பிக்காட்டிலும் ரயில் பாதை வேலையிலும் உழைத்த ஆயிரக்கணக்கானோருக்கு அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஒருவர் நுழைந்ததை வைத்து எல்லோரும் நுழையலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

சிலாங்கூர் கிளப்பில் கலப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொண்டாலும், அதற்கு எதிர்வினையாக என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1890இல் ஐரோப்பியருக்கு மட்டும் என்று லேக் கிளப் உருவாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விதி அசையவில்லை. 1952இல் சிலாங்கூர் சுல்தானையே அங்கு நடந்த ஒரு விருந்துக்கு அனுமதிக்கவில்லை. அவர் சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா. பின்னாளில் நாட்டின் மாமன்னரானவர். கம்யூனிஸ்டுகளோடு போராட மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோருடைய ஆதரவும் தேவைப்பட்ட அவசரகாலம் அது. ஹை கமிஷனர் டெம்ப்ளர் கொதித்துப்போய் நிர்வாகிகளைக் கண்டித்த பிறகே விதி தளர்ந்தது. சுல்தானுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

"தனியார் அமைப்பு, அவர்கள் இடம், அவர்கள் விதி" என்பது அடுத்த வாதம். வீட்டு வரவேற்பறைக்கு அது பொருந்தும். சிலாங்கூர் கிளப்பின் முன்னால் கிடந்த திடலோ தலைநகரின் நடுப்பகுதி. எதிரே அரசுத் தலைமைச் செயலகம். ஆட்சி நடத்தியவர்கள் பகலில் அந்தக் கட்டடத்தில் கோப்பில் கையெழுத்திட்டார்கள். மாலையில் இந்தக் கட்டடத்தில் பேசி முடிவெடுத்தார்கள். நகரின் மையத்தையும் அதிகாரத்தின் காதையும் வைத்திருந்த இடத்தைத் தனியார் விஷயம் என்று ஒதுக்க முடியாது. 1957இல் யூனியன் ஜாக் கொடி இறங்கியது அந்தத் திடலில்தான். பிறகு அது மாநகர மன்றத்தின் வசம் வந்து, இன்று மெர்டேக்கா சதுக்கமாக எல்லோருக்கும் உரியதாகிவிட்டது.

மூன்றாவது வாதம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. "அவரவருக்கு அவரவர் பொழுதுபோக்கு இருந்தது, யாருக்கும் குறையில்லை" என்பது அது. சிங்கப்பூர் திடலில் ஒரு முனையில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கிளப், மறுமுனையில் யுரேசியரின் கிளப். படித்த இந்தியர்கள் 1923இல் தங்களுக்கென இந்தியர் சங்கம் கண்டார்கள். இதுவரை சரி. தோட்டத்தில் என்ன இருந்தது? துரைக்கு மேட்டில் பங்களாவும் கிளப்பும். கிராணிமாருக்கு அவர்களுக்கென்று ஓர் இடம். லயத்தில் இருந்தவனுக்குக் கள்ளுக்கடை. தோட்ட நிர்வாகமே நடத்திய கள்ளுக்கடை அது; அவன் கூலி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

குறையில்லை என்பவர்கள் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படிக்க வேண்டும். ஆர். எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். துரை தன் கிளப்புக்கு விருந்தாளியை அழைக்க விரும்பினால் கையெழுத்துப் போட்டால் போதும். தொழிலாளி தன் தம்பியை வீட்டுக்கு அழைக்கவே போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்துக்குக் கிடைத்த பதில் நாதனின் கைதும் நாடுகடத்தலும். துப்பாக்கிச் சூட்டில் சில உயிர்களும் போயின. கிள்ளான் வேறு, ஜொகூர் வேறு என்று தள்ளிவிடவும் முடியாது. குளுவாங் தொட்டு ரெங்கம், லாயாங் லாயாங் வரை ரப்பர் தோட்டங்களில் துரை, கிராணி, கங்காணி, லயம் என்ற அதே படிக்கட்டுதான்.

"அதெல்லாம் பழங்கதை" என்பாரும் உண்டு. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டுக்கு வேட்டியோடு சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். வெள்ளைக்காரன் போய் 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்துதான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது.

கிளப்புகளின் வரலாறு நிறுவனர்களின் படங்களோடு அச்சாகிறது. அங்கே சமைத்தவர், பரிமாறியவர், திடலில் புல் வெட்டியவர் பெயர்கள் அதில் இல்லை. சிம்பாங் ரெங்கத்திலும் ரெங்கத்திலும் குளுவாங்கிலும் துரைமார் கிளப்பில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பழைய படமோ சம்பளச் சீட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியிலாவது பதிவு செய்து வையுங்கள்.