ஏலப்பாறை ஜீப்புகளும் டிபரன்ஷியல் பூட்டும்

ஏலப்பாறையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் பாதைகளில் ஓடும் ஜீப்புகள், ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெற்றால் பெரும்பாலும் சுற்றுலாவின் கிளைச்செய்தியாகவே இடம்பெறுகின்றன. லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளருக்கோ அதே வண்டிதான் பேருந்து, அரிசி வரும் வாகனம், சில இரவுகளில் ஆம்புலன்சும்கூட. அத்தகைய வண்டியின் அச்சில் டிபரன்ஷியல் பூட்டுப் பொருத்தலாமா என்ற கேள்வியைச் சாகசப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

1827-இல் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் தம் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற டிபரன்ஷியல், வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் எழும் சிக்கலைத் தீர்த்தது. அதற்கொரு விலையும் உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால், கெட்டியான பாறைமேல் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தச் சேறு தாங்கும் அளவு விசையே கிடைக்கும். நான்கு சக்கர இயக்கம் போட்டாலும் முன்னச்சிலும் பின்னச்சிலும் இதே கதைதான். மூலைக்கு மூலையாக இரு சக்கரங்கள் பிடிப்பிழந்த வண்டி, இயந்திரத்தில் எவ்வளவு வலு இருந்தாலும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். பூட்டு, ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் கோத்ததுபோல் சேர்ந்து சுழலச் செய்கிறது.

பூட்டுக்கு ஆதரவான வலுவான வாதம் வேகத்தைப் பற்றியது. பூட்டில்லாத வண்டியின் ஓட்டுநர், மழையில் குழைந்த ஏற்றத்தை ஊர்ந்து கடக்க முடியாதென்று தெரிந்து, கீழிருந்தே வேகமெடுத்து ஒரே மூச்சில் ஏறப் பார்க்கிறார். பின்னால் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கையில் அந்த ஓட்டமே ஆபத்து. பூட்டிய அச்சோடு அதே ஏற்றத்தை லோ கியரில் நிதானமாக ஏறலாம். சக்கரம் வீணாகச் சுழன்று பாதையைத் தோண்டுவதும் குறையும்.

எதிர்வாதங்களும் எளியவை அல்ல. பக்கவாட்டில் சரிந்த பாதையில் பூட்டில்லாத அச்சின் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும், சுழலாத மற்றது நங்கூரம்போல் வண்டியைப் பிடித்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்து வழுக்க, வால்பகுதி பள்ளத்தை நோக்கி நழுவும். ஒரு பக்கம் வெற்றுப்பள்ளமாக விரியும் தோட்டப்பாதைகளில் இதைவிடக் கொடிய இயல்பு வேறில்லை. பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின்மீது முழு விசையும் இறங்குவதால் பழைய வண்டிகளின் அச்சுத்தண்டு முறியவும் கூடும். இன்னொன்று பெரும்பாலும் மறக்கப்படுகிறது: இது ஏறுவதற்கான கருவி. இறக்கத்தில் பிரேக்குக்கும் தேய்ந்த டயருக்கும் இது மாற்றாகாது. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகளின் விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை அளவுமீறிய ஆட்களும் வளைவுகளும்தான். அங்கெல்லாம் பூட்டு ஒன்றும் செய்திருக்காது. முன்பு பாதியில் நின்ற வண்டி இப்போது ஏறிவிடுகிறது என்ற தைரியத்தில் மேலும் இருவரை ஏற்றச் சொல்லவும் கூடும்.

ஆகவே தார் காணாத ஏற்றத்தை அன்றாடம் கடக்கும் வண்டிக்கு, பின்னச்சில் மட்டும், ஓட்டுநர் விரும்பியபோது போட்டு எடுக்கக்கூடிய பூட்டு நியாயமானது. தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை, எந்தக் கணத்தில் பூட்டும் என்ற முடிவை ஓட்டுநரின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. டயரும் பிரேக்கும் ஒழுங்காக இல்லாத வண்டிக்கு எந்த வகையும் வேண்டாம்.

ஃபோர்ஸ் கூர்க்காவில் இரு அச்சுகளுக்கும் ஓட்டுநர் இயக்கும் பூட்டு தொழிற்சாலையிலேயே வருகிறது. மஹிந்திரா தாரின் பின்னச்சில் தானியங்கி வகை வந்திருக்கிறது. தோட்டப்பாதைகளில் இன்றும் உழைக்கும் பழைய மேஜர், கமாண்டர் போன்ற ஜீப்புகளுக்கோ அதை வெளியே வாங்கித்தான் பொருத்த வேண்டும். வண்டியின் விலையோடு ஒப்பிடத்தக்க தொகை அது. சட்டத்தின் நிழலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறித்து, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உற்பத்தியாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான திருத்தங்களைக் கடுமையாகப் பார்க்கிறது. 2022 மே மாதம் வாகமண் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்து வழக்கில் முடிந்த ஆஃப்-ரோடு பந்தயத்தின் வண்டிக்கும், லயத்திலிருந்து கர்ப்பிணியை இறக்கிவரும் வண்டிக்கும் பொருந்துவது ஒரே பிரிவுதான்.

அந்தத் தொகையை ஏன் ஓட்டுநர் செலவிட வேண்டும் என்ற கேள்வி பொறியியலுக்கு வெளியே நிற்கிறது. பீர்மேடு தேயிலைக் கம்பெனி 2000-ஆம் ஆண்டில் தோட்டங்களைக் கைவிட்டபோது தொழிலாளர் அங்கேயே தங்கினர். பாதையைச் செப்பனிட்டுவந்த நிர்வாகம் போய்விட்டது. கூடையும் கொழுந்தும் ஏற்றப் போடப்பட்ட வழி சட்டப்படி தனியார் நிலத்துக்குள் கிடப்பதால், பஞ்சாயத்து அதில் கைவைக்கத் தயங்குவதற்கு ஒரு சாக்கும் கிடைக்கிறது. எஞ்சிய பள்ளத்தைத் தன் வண்டியின் அச்சால் நிரப்பச் சொல்லி ஒரு ஜீப்காரரிடம் விட்டிருக்கிறோம்.

எந்தப் பாதையில், எந்த ஏற்றத்தில், எந்த மாதங்களில் வண்டி நிற்கிறது என்பது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மனப்பாடம். அவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த ஏற்றங்களில் மட்டும் சக்கரத்தடம் இரண்டுக்கு கான்கிரீட் போட்டு, ஓரத்தில் நீர் வடியச் சால் வெட்டினால் போதும். எந்த வண்டிகளுக்குப் பூட்டு உண்மையிலேயே தேவை என்பது அதற்கடுத்த மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.