பனியன் ஊருக்கும் பொருந்தும் படம்

'பேலாசேஷே' என்ற வங்காளப் படம் கொல்கத்தா மேட்டுக்குடிச் சமாச்சாரமாம். ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் திருப்பூருக்கு எதற்கு என்கிறார் நண்பர். அபாரம்! 2015இல் வந்த அந்தப் படத்தில், 49 ஆண்டு மணவாழ்வுக்குப் பிறகு சௌமித்ர சாட்டர்ஜி நடித்த கணவர் விவாகரத்து கேட்கிறார். முதலில் சில நாள் சேர்ந்து இருந்து பாருங்கள் என்கிறது நீதிமன்றம்.

இங்கே அந்தச் சில நாளை யார் கொடுத்தார்கள்? கணவர் கட்டிங், மனைவி வேறு கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமைச் சம்பளத்தைச் சீட்டுக்கும் வட்டிக்கும் பங்கு போடும்போதுதான் பேச்சே. கண் மங்கி, பிசிர் வெட்ட முடியாமல் அந்தம்மா வீட்டோடு நின்றபின்தான் இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். பேச ஒன்றுமில்லை, டிவி ஓடுகிறது. படம் கேட்பதும் இதைத்தானே? அந்தக் கணவருக்கு வக்கீலைப் பார்க்க வசதி இருந்தது, இவருக்கு இல்லை. நண்பர் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.