மான் வேண்டுமென்றால் புல் வேண்டும்

வரும் டிசம்பரில் நம் சங்க அன்பர்கள் குடும்பத்தோடு கான்ஹாவுக்குச் சுற்றுலா போகிறோம். அப்போது காட்டோரக் கிராமம் ஒன்றின் வெட்டவெளியில் இருநூறு மரக்கன்றுகள் நடுவது என்று சென்ற செயற்குழுவில் தீர்மானம் ஆயிற்று. "சும்மா கிடக்கிற இடம்தானே சார், நிழலாவது கிடைக்கும்" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் ஒருவன்தான் தூக்கவில்லை. காரணம் சொல்வதற்குள் காப்பி வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ரயில்வேயில் என் வேலை தண்டவாளப் பராமரிப்பு. எண்பதுகளில் நைன்பூரில் இருந்தேன். ஜபல்பூர்-கோந்தியா பாதை அப்போது நாரோ கேஜ். மண்ட்லா கிளைப்பாதையில் சிரைடோங்ரி ஸ்டேஷனில் இறங்கி கான்ஹா போவோம். பாராசிங்கா மானை அங்கேதான் முதலில் பார்த்தேன். இந்தியில் 'பன்னிரண்டு கொம்புடையது' என்று அர்த்தம். இதன் உறவினங்கள் துத்வா, காசிரங்கா போன்ற சதுப்பு நிலங்களில் வாழ்பவை. கெட்டித் தரையில் வாழப் பழகிய மத்தியப் பிரதேசத்து வகை, கான்ஹாவைத் தவிர வேறெங்கும் மிஞ்சவில்லை. 1970-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் இருந்தவை வெறும் 66.

ஏன் இப்படி ஆயிற்று? வேட்டை ஒரு காரணம். ஆனால் வேட்டை நின்ற பிறகும் அது தலையெடுக்கவில்லை. புள்ளிமான் புல்லோடு தழை, பூ, உதிர்ந்த பழம் என்று எதையாவது தின்று சமாளித்துக்கொள்ளும். பாராசிங்காவுக்குக் கிட்டத்தட்ட புல் ஒன்றுதான் சாப்பாடு. அதோடு, மழை முடிகிற சமயத்தில் ஈனும் குட்டியை உயரமான புல்லுக்குள்தான் ஒளித்து வைக்கும். அந்நாளில் புல்வெளிகளில் மாடுகள் மேய்ந்தன. இளம்புல் துளிர்க்கட்டும் என்று வருஷாவருஷம் நெருப்பும் வைத்தார்கள். வளர்ந்த புல் இல்லை. குட்டிக்கு மறைவும் இல்லை.

அதைத் திருத்தினார்கள். நெருப்பைக் கட்டுப்படுத்தினார்கள். சில மான்களை வேலியடைத்த இடத்தில் வைத்துப் பெருக்கினார்கள். சோன்ஃப் முதலான கிராமங்களைக் காட்டுக்கு வெளியே குடியேற்றினார்கள். உழுத வயல்கள் புல்வெளி ஆயின, மான்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்று கான்ஹாவில் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோய் போதுமே என்று 2015-இல் சாத்பூராவுக்கும் 2023-இல் பாந்தவ்கருக்கும் சிலவற்றைக் கொண்டுபோய் விட்டார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு செலவை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டைக் காலி செய்தவர்கள் கோண்டு, பைகா குடும்பங்கள். நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் நாம் சம்பளத்துக்கு வந்தோம், அவர்கள் போகச் சொன்னதால் போனார்கள்.

இவ்வளவு விலை கொடுத்து உண்டான புல் தானாக நிற்காது. கவனிக்காத ரயில் பாதையை இரண்டு மழைக்காலம் விட்டால் என்ன ஆகும் என்பது காங்மேனைக் கேட்டால் தெரியும். புல்வெளியும் அப்படித்தான். ஓரத்திலிருந்து மரக்கன்றும் முட்புதரும் ஏறிவரும். வனத்துறை கூலிக்கு ஆள் வைத்து அவற்றைப் பிடுங்குகிறது. நாமோ பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் அதே வட்டாரத்தில் நடப்போகிறோம்!

சென்னைக்குப் போகிறவர்கள் கிண்டிப் பூங்காவையும் பார்க்கலாம். அங்கே திறந்த வெளி சுருங்கச் சுருங்க வெளிமான் குறைந்தது. நிழலிலும் பிழைக்கத் தெரிந்த புள்ளிமான் பெருகியது. மரம் கூடினால் எல்லா மானுக்கும் நல்லது என்று யார் சொன்னது?

மரம் நடுவதற்கு நான் விரோதி அல்ல. என் குவார்ட்டர்ஸ் வாசலில் நான் வைத்த வேம்பு இன்னும் நிற்கிறது. ஆனால் அந்த வெட்டவெளி 'சும்மா' கிடக்கிறது என்று நமக்கு யார் சொன்னார்கள்? காட்டு மான்கள் ராத்திரியில் அங்கே மேய வரலாம். பகலில் அது ஊர் மாடுகளின் மேய்ச்சல் தரையாக இருக்கலாம். கிராமத்தாரை நம்மில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கன்றுகளுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று பொருளாளர் சொல்கிறார். நல்லது, வாங்குவோம். சங்கக் கட்டடத்தின் பின்புறம் வெயில் கொளுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நிற்க நிழல் இல்லை. இருபது கன்று அங்கே நடலாம். மீதியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருகிறேன், காப்பிக்கு முன்னால்.