கராஜில் தூங்கும் வாகனம்



பதுளை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவருடைய கணவர் தோட்டப்புறத்துக் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர். கடைக்கு ஒரு பழைய லொறி உண்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புதிய கார் வாங்கினார். ஆசனங்களின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல், வீட்டோடு சேர்ந்த கராஜில் நிறுத்தி, தார்ப்பாயால் மூடிவிட்டார். அப்போது மகளுக்கு வயது ஆறு. "இது மகளின் கல்யாணத்துக்கு. அதுவரை யாரும் தொடக்கூடாது" என்பது அவர் கட்டளை.

ஒரு நவம்பர் மாத மழை இரவில் மாமிக்கு மூச்சு முட்டியது. லொறி சாமான் ஏற்றப் போயிருந்தது. கணவர் கராஜுக்கு ஓடினார், தார்ப்பாயை இழுத்தார், சாவியைத் திருப்பினார். சத்தமே வரவில்லை. பெட்டரி செத்துக் கிடந்தது. பிறகு கீழே லயத்துக்கு ஓடி ஒரு தமிழ்ச் சகோதரரை எழுப்பினார்கள். அவர் தன் பழைய த்ரீவீலில் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காசு வாங்க மறுத்துவிட்டார். மாமி பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

"அந்த வண்டி இன்றும் அப்படியே நிற்கிறது. இப்படி வைப்பது பாவமா? அதற்கு ஸகாத் உண்டா? கேட்டால் அவர் கோபப்படுகிறார்" என்று முடிகிறது கடிதம்.

அவர் பக்க நியாயம்

சகோதரியே, முதலில் உங்கள் கணவரின் பக்கத்தைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்தது. வங்கியில் பணம் வைத்தவர்கள் கையைப் பிசைய, வாகனம் வைத்திருந்தவர்களின் முதல் தப்பியது. "நான் செய்தது சரி" என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. பிள்ளைகளின் எதிர்காலத்துக்குச் சேமிப்பதை மார்க்கமும் தடுக்கவில்லை. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்துகிறவர்களாக விட்டுச் செல்வதைவிட வசதியோடு விட்டுச் செல்வது நல்லது என்று ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை அவர் கவனிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் தெருவில் ஓடிக்கொண்டிருந்த வாகனங்களும்தான் விலை ஏறின. முதலைக் காத்தது அந்தக் காலத்தின் தட்டுப்பாடு. கராஜின் பூட்டு அல்ல.

பூட்டினால் புதிது நிற்குமா?

நபி யூஸுஃப் (அலை) அவர்கள் பஞ்சத்துக்காகத் தானியம் சேமித்த வரலாறு நமக்குத் தெரியும். கெடாமலிருக்கக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னார்கள். தேவை வந்த நாளில் களஞ்சியம் திறந்து மக்கள் உண்டார்கள். வாகனம் கதிரிலிட்ட தானியம் அல்ல. ஓடாமல் நிற்பதே அதற்கு நோய்.

பெட்டரி சில மாதங்களில் இறங்கிவிடும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் கெட்டு, பிறகு சார்ஜ் ஏறாது. தாங்கியிலுள்ள பெட்ரோல் பழசாகிப் பிசின்போல் படியும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். டயர் ஒரு மைல்கூட ஓடாவிட்டாலும், ரப்பருக்கு வயது ஏறி வெடிப்பு விடும். எலி வயரைக் கடிக்கும். நம் மலைநாட்டு ஈரத்தில் ஆசனங்களில் பூஞ்சணம் பூக்கும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் தீர்வாகாது. என்ஜின் நன்றாகச் சூடேறாவிட்டால் உள்ளே படியும் நீர் ஆவியாகிப் போகாது, பெட்டரியும் நிரம்பாது.

அமெரிக்காவில் டல்ஸா என்ற நகரில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 1957 ஜூன் 15ஆம் திகதி, பிளிமத் பெல்வெடியர் என்ற புத்தம் புதிய காரைக் கொங்கிரீட் குழியொன்றில் இறக்கி மூடினார்கள். ஐம்பது வருடம் கழித்து எடுப்பது திட்டம். 2007இல் பெட்ரோல் கிடைக்காமல் போகலாமென்று பெட்ரோலும் எண்ணெயும்கூடச் சேர்த்து வைத்தார்கள். 2007இல் நகரின் சனத்தொகை எவ்வளவு இருக்கும் என்று கிட்டத்தட்டச் சரியாக ஊகிப்பவருக்குக் கார் பரிசு.

2007 ஜூனில் திறந்தார்கள். குழிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கார் துருப்பிடித்த கூடாக வெளியே வந்தது. பரிசுக்குரியவரோ 1979ஆம் ஆண்டே மரணித்திருந்தார். அவருடைய வயதான சகோதரிகளுக்கே அது போய்ச் சேர்ந்தது. பெட்ரோலைப் பற்றிக்கூட யோசித்தார்கள். ஓட்ட வேண்டியவர் இருப்பாரா என்பது மனிதனின் கையில் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் நம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, லயங்கள் சில நிமிடங்களில் மறைந்துபோயின. இந்த மலைகளில் வாழும் நாம் இருபது வருடத்துக்குப் பூட்டிவைக்கும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்வது வாயளவில் மட்டும் இருக்கக்கூடாது.

ஸகாத்தும் வாரிசும்

சொந்த உபயோகத்துக்காக வாங்கிய வாகனத்துக்கு ஸகாத் இல்லை. இலாபத்துக்கு விற்க வேண்டுமென்ற நிய்யத்தோடு வாங்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. நிஸாபை அடைந்திருந்தால், ஒவ்வொரு சந்திர வருட முடிவிலும் அன்றைய சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். அறுபது இலட்சம் பெறுமதியென்றால் ஒன்றரை இலட்சம். ஆகவே வாங்கிய நாளில் அவர் மனதில் இருந்தது என்ன என்பதே கேள்வி. மகளுக்குக் கொடுக்கத்தான் என்றால் ஸகாத் இல்லை. 'மகளுக்கு' என்று வாயால் சொல்லி, மனதில் விலையேற்றத்தை எண்ணி விற்கவே வாங்கியிருந்தால், அதை அல்லாஹ் அறிவான்.

இன்னொன்று. 'மகளுக்கு' என்று சொல்லி வைத்ததால் மட்டும் அது மகளுடையதாகிவிடாது. ஹிபாவாக முறைப்படி கொடுத்து, அவளுக்காகப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். சாட்சியோடு எழுதி வைப்பதே பாதுகாப்பு. இல்லையேல் கணவர் மரணித்தால் அந்தக் கார் எல்லா வாரிசுகளுக்கும் உரிய சொத்து. கொடுப்பதானால் ஆண் பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு வந்த ஸஹாபியிடம், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

அது சீதனத்துக்கென்றால் வேறொரு கேள்வி எழுகிறது. மார்க்கம் மஹரை மணமகன் மீதே வைத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, இன்னும் யாரென்றே தெரியாத ஒரு மாப்பிள்ளையின் பெயரில் கார் காத்துக்கிடப்பது நம் சமூகத்தின் நோய். அந்தச் சகோதரரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

முதுகின் உரிமை

இனி, பாவமா என்ற கேள்வி. ஹலாலான பணத்தில் வாங்கிய வாகனத்தை நிறுத்திவைப்பது ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குதிரை வளர்ப்பவர்களை நபி (ஸல்) அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு அது நன்மை, ஒருவருக்குப் பாதுகாப்பு, ஒருவருக்குப் பாவச்சுமை. தன் தேவைக்காக வைத்து, அதன் முதுகில் அல்லாஹ்வுக்குள்ள உரிமையையும் மறக்காதவருக்கே அது பாதுகாப்பு. பெருமைக்காக வைத்தவருக்கு அது சுமை. ஒரு பயணத்தில், மேலதிக வாகனம் உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுத்துதவட்டும் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஸஹீஹான ஹதீஸ்கள்.

அந்த மழை இரவில் இந்த ஹதீஸை நடைமுறைப்படுத்தியவர் யார்? பழைய த்ரீவீல் வைத்திருந்த லயத்துச் சகோதரர். நம் வீட்டுப் புதிய வாகனம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

சகோதரியே, கணவரோடு தர்க்கிக்க வேண்டாம். அன்று சாவியைத் திருப்பி நின்றபோது அவர் உள்ளம் பட்ட வேதனையை நீங்கள் கண்டிருப்பீர்கள். கோபத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். நல்ல நேரம் பார்த்து, "மாமியை மாதாந்தக் கிளினிக்குக்கு இதில் கூட்டிப்போவோமா?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெட்டரி, பழைய பெட்ரோல், எண்ணெய்கள், பிரேக், டயர் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிஸ்மி சொல்லி, பிரயாண துஆவை ஓதி ஏறுங்கள். அயல்வீட்டில் பிரசவ வலி வந்தாலும், லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் அந்தக் கதவு திறக்கட்டும். அந்த த்ரீவீல்காரச் சகோதரரின் குடும்பத்தையும் மறந்துவிடாதீர்கள்.

மகளின் கல்யாண நாளில் அந்தக் கார் கொஞ்சம் பழசாகத்தான் இருக்கும். வாப்பும்மாவை அது எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அல்லாஹ் தந்ததை அவன் விரும்பும் வழியில் பயன்படுத்தும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.